புள்ளிமானுக்கும் ஒரு விதி எழுதுங்கள்: தலைமை வன உயிரினக் காப்பாளருக்குக் கரிசல்காட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,

கயத்தாறு பக்கத்துக் கரிசலில் மானாவாரி வெள்ளாமை பார்க்கிறவன் நான். அண்மையில் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து மான் சேதம் பற்றி ஒரு மனு கொடுத்தோம். அதற்கு வந்த பதிலைப் படித்த பிறகுதான் இதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். காட்டுப்பன்றியைக் கட்டுப்படுத்த மட்டுமே அரசாணை உள்ளது, புள்ளிமான் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதற்குத் தீங்கு செய்தால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். அவ்வளவுதான் பதில். மனுவில் நாங்கள் சுட அனுமதி கேட்கவே இல்லை, நேரில் வந்து பாருங்கள், என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள் என்றுதான் கேட்டிருந்தோம். வழி கேட்டவர்களுக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது.

உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், இந்த விஷயத்தில் முடிவெடுக்கும் அதிகாரத்தை உங்கள் பதவிக்குத்தான் கொடுத்திருக்கிறது. கீழே இருக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் மேலே கைகாட்டுகிறார்கள். அந்த மேலே என்பது நீங்கள்தான்.

மான் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோப்புகளில் இது எங்கேயும் சரியாகப் பதிவாவதில்லை. பன்றி வந்துபோனால் நிலமே காட்டிக்கொடுத்துவிடும். உழுது போட்டது மாதிரி மண் புரண்டு கிடக்கும், மக்காச்சோளம் முறிந்து சாய்ந்து கிடக்கும், போட்டோ எடுத்தால் யாருக்கும் புரியும். மான் அப்படி இல்லை. உளுந்து விதைத்து மூன்று நான்கு வாரத்தில், செடி ஒரு சாண் உயரத்துக்கு வந்து கொழுந்து விடுகிற நேரத்தில் இறங்கும். வேரோடு பிடுங்காது. நுனியை மட்டும் நறுக்கென்று கடித்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடும். கூட்டமாக வந்து, ஒரு பொழியில், அதாவது வரப்பில் நுழைந்து மறு பொழியில் வெளியேறும்போது, நடந்து போன பாதை நெடுகக் கொழுந்து இருக்காது. காலையில் போய் குனிந்து பார்த்தால்தான் தெரியும்: ஈரக் கரிசலில் பிளந்த குளம்புத் தடம், ஆட்டுப் புழுக்கை மாதிரி, ஆனால் கொஞ்சம் நீளமாகப் புழுக்கை, தண்டின் நுனியில் கத்தரித்த இடம். நிமிர்ந்து நின்று பார்த்தால் காடு (புஞ்சையைத்தான் நாங்கள் காடு என்போம்) பச்சைப் பசேலென்று இருக்கும்.

கொழுந்து போன செடி சாகாது. பக்கத்தில் கிளைத்து வரும். ஆனால் மானாவாரியில் எங்களுக்குக் கிடைப்பது ஐப்பசி, கார்த்திகை மழையும் அதற்குப் பிறகு மண்ணில் நிற்கிற ஈரமும் மட்டும்தான். பூக்க வேண்டிய நேரத்தில் அந்தச் செடி கிளைத்துக்கொண்டிருக்கும், அது பூக்கிற நேரத்தில் மண்ணில் ஈரம் இருக்காது. அப்புறம் அந்தப் பூவையும் தின்ன இரண்டாம் முறை வரும். தை மாசத்தில் பிடுங்கிப் போட்டுக் களத்தில் அடிக்கும்போதுதான் கணக்கு முழுசாகத் தெரியும். செடி இருக்கும், காய் இருக்காது. உழவுக்கூலி, விதை, களை எடுத்த கூலி எல்லாம் போட்டாயிற்று, கடனுக்கு வைத்த நகை கூட்டுறவு வங்கியில் இருக்கிறது, மூட்டை மட்டும் வரவில்லை.

இதைச் சேதம் என்று நிரூபிப்பது எப்படி? எங்கள் ஊரில் ஒருவர் பாசிப்பயறு முழுவதையும் இழந்துவிட்டு மனு போட்டு, பார்வையிட ஆள் வந்தபோது செடிகள் கிளைத்து எழுந்துவிட்டன. வந்தவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "பயிர் நல்லா நிக்குதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பொய் சொல்லவில்லை, பயிர் நின்றது. எந்த வயதில் எதைக் கடித்தால் விளைச்சல் என்ன ஆகும் என்று கணக்கிட அவர் கையில் எந்த முறையும் இல்லை. யானை மிதித்ததையும் பன்றி கிண்டியதையும் மதிப்பிடுகிற அதே கண்ணால் மான் மேய்ச்சலை மதிப்பிட்டால் விடை எப்போதும் பூஜ்யமாகத்தான் வரும், அந்தப் பூஜ்யங்கள் எல்லாம் சேர்ந்துதான் எங்கள் பகுதியில் மான் பிரச்சினை பெரிதாக இல்லை என்ற அறிக்கையாக உங்கள் மேசைக்கு வருகிறது.

காவல் காக்க வேண்டியதுதானே என்று கேட்பார்கள். காத்துக்கொண்டுதான் இருக்கிறோம். பழைய சேலைகளைக் கிழித்துச் சுற்றிலும் கட்டிய காடுகளை எங்கள் பக்கம் பஸ்ஸில் போகும்போதே பார்க்கலாம். காலி பாட்டில் கட்டித் தொங்கவிடுவது, அழுகின முட்டைக் கரைசல் தெளிப்பது, டார்ச் அடிப்பது, வெடி போடுவது, தகரம் தட்டுவது. கொஞ்ச நாளைக்கு எல்லாமே வேலை செய்யும், பிறகு மான் பழகிவிடும். ராத்திரி காவலுக்கு ஆள் வைத்தால் கூலி கட்டுப்படியாகாது, அதனால் வீட்டு ஆளே போக வேண்டும். எங்கள் ஊர்களில் இளவட்டங்கள் கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். கார்த்திகைப் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். எங்கள் மண்ணில் அந்த மாதங்களில் பாம்பு நடமாட்டம் எப்படி இருக்கும் என்று உங்கள் வனக்காப்பாளர்களுக்கே தெரியும்.

மான் எங்கிருந்து வருகிறது என்பதும் மறைந்த சங்கதி அல்ல. எங்களுக்குத் தெற்கே கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம், அதற்கும் தெற்கே வல்லநாடு வெளிமான் சரணாலயம், வடகிழக்கே குருமலைக் காடு. கங்கைகொண்டானைச் சரணாலயமாக அறிவித்தது 2013இல். பரப்பு 288 ஹெக்டேர் சொச்சம், அதாவது எழுநூறு ஏக்கர்தான். பக்கத்தில் சிப்காட் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் நான்குவழிச் சாலை. எழுநூறு ஏக்கருக்குள் ஒரு மான் கூட்டம் பெருகாமல் நிற்குமா, கோடையில் தண்ணீரும் புல்லும் வற்றும்போது வெளியே வராமல் இருக்குமா? வந்த மான் திரும்பிப் போவதும் இல்லை. கண்மாயிலும் ஓடையிலும் தரிசு விழுந்த புஞ்சைகளிலும் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கிறது, பகலில் அதற்குள் படுத்துக்கொள்கிறது, ராத்திரி எங்கள் உளுந்துக்கு இறங்குகிறது. அங்கேயே குட்டி போட்டு வளர்ந்த மான்கள் இவை, சரணாலயத்தை ஒருநாளும் பார்த்திராதவை. சிறுத்தையும் செந்நாயும் இந்தக் கரிசலில் கிடையாது. மானைக் குறைப்பவை தெருநாயும், சுவர் இல்லாத கிணறும், லாரியும்தான். நாய் குதறிப் போட்ட மானையும் சாலையோரம் இடுப்பொடிந்து கிடக்கிற மானையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நாங்கள், அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆள் எங்கள் ஊரில் ஒருத்தர்கூட இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். புள்ளிமான் சுட முடியாத விலங்கு என்று எங்களிடம் சொல்லப்படுவது பாதி உண்மை. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல், எந்த விலங்குக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று பிரிக்கிற அட்டவணைகள் மாறின. வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. புள்ளிமான் இரண்டாம் அட்டவணையில், காட்டுப்பன்றி இருக்கிற அதே அட்டவணையில் இருக்கிறது. இரண்டாம் அட்டவணை விலங்கு ஒன்று மனித உயிருக்கோ, நிலத்தில் நிற்கும் பயிர் உட்படச் சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டது என்று நீங்களோ நீங்கள் அதிகாரம் கொடுத்த அலுவலரோ கருதினால், காரணத்தை எழுத்தில் பதிந்து, குறிப்பிட்ட ஒரு பகுதியில் அந்த விலங்கையோ கூட்டத்தையோ வேட்டையாட அனுமதிக்கலாம் என்று 11ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு சொல்கிறது. நிற்கும் பயிர் என்ற வார்த்தையைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் கை வைத்தால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்லிக்கொடுக்கத் துறை தவறுவதே இல்லை. அதே சட்டத்தில் அனுமதிக்கும் ஒரு வழி இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை, நாங்களே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டோம்.

ஆயுதச் சட்டம் இன்னொரு பக்கம். 1959ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பயிர்க் காவலுக்கென்றே வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு உரிமம் தர இன்றைக்கும் இடம் வைத்திருக்கிறது. அப்படி உரிமம் வைத்திருக்கிற பெரியவர்கள் எங்கள் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். புதுப்பிக்கக் கட்டணம் கட்டுகிறார்கள், தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறார்கள், தேர்தல் முடிந்ததும் போய் வாங்கி வருகிறார்கள். பயிரைத் தின்கிற எதன்மேலும் அதைப் பயன்படுத்த முடியாது. ஒரு சட்டம் பயிர்க்காவலுக்கு என்று எழுதித் தருகிறது, இன்னொரு சட்டம் அனுமதி வாங்கி வா என்கிறது, அந்த அனுமதியை எங்கே, எந்தப் படிவத்தில், யாரிடம் கேட்பது என்று மானைப் பொறுத்தவரை ஒரு வழிமுறையும் கிடையாது.

காட்டுப்பன்றிக்கு வழிமுறை வந்தது. 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்தார். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம், அதற்கு முன் கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஊழியர், ஊராட்சித் தலைவர் கொண்ட குழு பரிந்துரைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன், தூரத்தை வைத்துப் பிரித்தது நியாயமான யோசனை. ஆனால் குழுவில் ஊராட்சித் தலைவரைச் சேர்த்த அந்த மாதத்தில், ஜனவரி 5ஆம் தேதியோடு, தூத்துக்குடி உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கிற அலுவலர் ராத்திரி எங்கள் காட்டில் என்ன மேய்கிறது என்று எப்படிப் பரிந்துரைப்பார்? கேரளத்தில் 2022இல் காட்டுப்பன்றி விஷயத்தில் ஊராட்சித் தலைவருக்கே அனுமதி தரும் அதிகாரத்தை ஒப்படைத்து, உரிமம் உள்ள சுடுநர்களைப் பட்டியலிட்டு நடத்துகிறார்கள். அங்கேயும் குறைகள் இருக்கலாம், ஆனால் யாரிடம் போய் நிற்பது என்ற கேள்வி அங்கே ஒரு விவசாயிக்குக் கிடையாது.

சரி, பன்றி ஏற்பாடாவது காகிதத்தில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் மான் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பன்றிக்குப் பரிந்துபேச ஆள் இல்லை, மானுக்கு நகரத்தில் அன்பு அதிகம். மான் அழகான பிராணிதான், எங்களுக்கும் அதில் மாற்றுக்கருத்து இல்லை. விடிகாலையில் கூட்டமாகப் பொழி தாண்டிப் பாய்வதைப் பார்த்தால் காவல் அலுப்பிலும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கத்தான் தோன்றும். ஆனால் அந்த அழகைக் காப்பாற்றும் செலவு முழுவதையும் ஐந்து ஏக்கர் மானாவாரிக்காரன் தலையில் வைத்துவிட்டு, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பது நியாயமே இல்லை.

வழி அடைபட்டால் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாதது அல்ல. கம்பியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள், சுருக்கு வைக்கிறார்கள், அவுட்டுக்காய் என்கிற வெடியைத் தீனிக்குள் மறைத்து வைக்கிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில் பயிருக்குப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் ஒரே ராத்திரியில் செத்தன. அது யானைக்குப் போட்ட வேலி இல்லை. மின்கம்பிக்கு மான் எது, யானை எது, காலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிற மனுஷன் எது என்று தெரியாது. வயிற்றெரிச்சலில் செய்கிறவன் ஒருபக்கம், அதைச் சாக்காக வைத்து இறைச்சிக்கு மான் பிடித்து விற்கிறவன் இன்னொரு பக்கம். இரண்டு பேரையும் ஒரே வழக்கில் பிடிக்கிறீர்கள். முறையான கட்டுப்பாடு ஒன்று இருந்தால் முதல் ஆள் அதற்குள் வந்துவிடுவான், இரண்டாவது ஆள் தனியாகத் தெரிவான்.

மானைத் தீங்குயிரி என்று அறிவிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. வன உயிரினச் சட்டத்தின் 62ஆம் பிரிவில் அந்த அதிகாரம் ஒன்றிய அரசுக்கு இருக்கிறது, 2015 கடைசியில் பீகாரில் நீலகாய்க்கும் காட்டுப்பன்றிக்கும், அடுத்த வருடம் உத்தராகண்டில் காட்டுப்பன்றிக்கும் அப்படி அறிவித்தார்கள். அப்படி அறிவித்த பகுதியில் அந்த விலங்குக்குச் சட்டப் பாதுகாப்பே போய்விடும், யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் கொல்லலாம் என்றாகிவிடும். புள்ளிமானுக்கு அது வேண்டாம். ஆளுக்கொரு துப்பாக்கி கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. ராத்திரியில் பக்கத்துக் காட்டுக்காரனும் காவலுக்கு உட்கார்ந்திருக்கிற சமதரையில் குண்டு எங்கே போய் நிற்கும் என்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது.

மான் சுடுவதற்கென்று கறாரான விதி வைத்துக்கொண்டு நடத்துகிற நாடுகள் இருக்கின்றன. இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1991ஆம் ஆண்டு மான் சட்டம் ஒன்று இருக்கிறது. பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை, தனி உரிமம் இல்லாமல் சுடக்கூடாது. எந்த மானுக்கு எந்த அளவுத் துப்பாக்கி என்று வரையறை இருக்கிறது, அரைகுறைக் காயத்தோடு மான் ஓடிப்போய்ச் சாகக்கூடாது என்பதற்காக. ரோ என்கிற சின்ன மானில் பெண் மானை ஏப்ரல் முதல் அக்டோபர் கடைசிவரை சுடக்கூடாது, குட்டி பால்குடிக்கிற காலம் அது. நம் கேளையாட்டுக்குச் சீன உறவான முண்ட்ஜாக் அங்கே வெளியிலிருந்து வந்து பெருகிவிட்டது, அது வருடம் முழுக்கக் குட்டி போடுவதால் அதற்கு விலக்குக் காலமே இல்லை. அதனால், வளர்ச்சி முடியாத இளம் பெண் மானையோ நிறைசினை மானையோ பார்த்துச் சுடு, பால்குடிக் குட்டியை அநாதையாக்காதே என்று சுடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நிறைசினை மானைச் சுடுவது என்று படிக்கும்போது எனக்கு மனசு ஒப்பவில்லைதான், ஆனால் குட்டி பட்டினி கிடந்து சாகக்கூடாது என்று யோசித்து எழுதிய விதி அது.

நம் புள்ளிமானும் வருடம் முழுக்க இனப்பெருக்கம் செய்வதுதான். ஏழரை மாதத்துக்குக் கொஞ்சம் மேலே சினை, பெரும்பாலும் ஒரு குட்டி. ஆகவே நமக்கும் இப்படி யோசித்து எழுதிய விதி வேண்டும். கொம்புள்ள ஆணை மட்டும் சுட்டால் எண்ணிக்கை குறையாது, மீதி இருக்கிற ஒன்றிரண்டு ஆண்களே போதும் கூட்டம் பெருக. எத்தனை, எந்தப் பாலினம், எந்த மாதம், எந்தக் கிராமத்து எல்லை என்று எழுத வேண்டும், அதற்கு முன்பு எண்ண வேண்டும். சரணாலயத்துக்குள் எடுக்கிற கணக்கு எங்களுக்கு உதவாது. சரணாலயத்துக்கு வெளியே, பட்டா நிலத்திலும் கண்மாய்க் கருவேலங்காட்டிலும் எத்தனை இருக்கிறது என்று ராத்திரி விளக்குப் பிடித்து எண்ண வேண்டும். நாங்கள் கூட வருகிறோம், எந்தத் தடத்தில் வருகிறது, எங்கே தண்ணி குடிக்கிறது என்று காட்டுகிறோம்.

வெளிமான் விஷயம் வேறு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வல்லநாட்டைச் சுற்றிய ஊர்களில் அதனாலும் சேதம் இருக்கிறது. முதல் அட்டவணை விலங்கு என்பதால் பயிரைக் காரணம் காட்டி அதைச் சுட அனுமதி தரச் சட்டத்தில் இடமே இல்லை, இருக்கவும் வேண்டாம், நாடெங்கும் குறைந்துவிட்ட பிராணி அது. ஆனால் சுட முடியாது என்பதால் ஒன்றுமே செய்ய முடியாது என்று ஆகிவிடாது. மத்தியப் பிரதேசத்தில் ஷாஜாபூர் பக்கத்து வயல்களிலிருந்து 2025 அக்டோபர், நவம்பரில் 800க்கும் மேற்பட்ட வெளிமான்களைப் பிடித்து வேறு காடுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஹெலிகாப்டரில் மெதுவாக ஓட்டி, வாய் அகன்று போகப்போகக் குறுகுகிற போமா என்கிற அடைப்புக்குள் நடத்திக் கொண்டுபோய், கையால் தொடாமல் வண்டியில் ஏற்றினார்கள். மானைத் துரத்திப் பிடித்தால் பயத்திலேயே தசை இறுகிச் செத்துப்போகும், அதனால்தான் இந்த முறை. அதே மாநிலத்தில் புள்ளிமான்களையும் போமாவில் பிடித்துப் புலிக்காடுகளுக்கு மாற்றிக்கொண்டு வருகிறார்கள். அங்கே முடிகிறது என்றால் இங்கேயும் முயன்று பார்க்கலாம், குறிப்பாகக் கங்கைகொண்டான் மாதிரி இடுங்கிய இடத்தில். நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் இரை குறைந்த இடம் எங்கே என்று உங்கள் துறைக்குத்தான் தெரியும்.

இழப்பீடு பற்றிக் கொஞ்சம். வன விலங்கு சேதத்தைப் பயிர்க் காப்பீட்டில் 2026 காரிஃப் என்கிற முன்பருவம் முதல் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. எந்தெந்த விலங்கு, எந்தெந்த மாவட்டம் என்று மாநில அரசு பட்டியல் தர வேண்டும், சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் செயலியில் இடக்குறியோடு படம் ஏற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பட்டியலில் யானையும் பன்றியும் தாமாகவே இடம்பிடித்துவிடும். மானை யார் சேர்ப்பார்கள்? அதோடு எங்கள் உளுந்து, பாசி எல்லாம் ரபி என்கிற பின்பருவக் கணக்கில் வருபவை, அதற்கும் சேர்த்து எழுத வேண்டும். கொழுந்து கடித்த செடியை எந்தக் கோணத்தில் படம் எடுத்தாலும் பச்சைச் செடியாகத்தான் தெரியும் என்பதால், மதிப்பிடும் முறையையும் மாற்ற வேண்டும். காட்டின் ஒரு மூலையில் நாலு பக்கமும் வலை அடித்து மான் நுழையாத ஒரு சின்னக் கட்டம் வைத்து, அறுவடையில் அந்தக் கட்டத்தின் விளைச்சலையும் வெளியே உள்ள விளைச்சலையும் எடைபோட்டுப் பார்த்தால் சேதம் எவ்வளவு என்று யாரும் மறுக்க முடியாத கணக்கு கிடைக்கும். கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது, வல்லநாட்டுக்குப் பக்கத்திலேயே. அவர்களைச் செய்யச் சொல்லுங்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை. வரும் புரட்டாசி விதைப்புக்கு முன்னால், கயத்தாறு, ஓட்டப்பிடாரம், மானூர் சுற்றுவட்டாரத்தில் காப்புக்காட்டுக்கும் சரணாலயத்துக்கும் வெளியே உள்ள புள்ளிமான்களை எண்ணி, அந்த எண்ணிக்கையை ஊர்க் கூட்டத்தில் வையுங்கள். எண்ணிக்கை அதிகம் என்று தெரிகிற கிராமங்களில், முதலில் போமா வைத்துப் பிடித்து மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாத இடத்தில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், 11ஆம் பிரிவின் கீழ் எண்ணிக்கையும் காலமும் வரையறுத்து, உங்கள் துறையின் பயிற்சி பெற்ற ஆட்களைக் கொண்டு மட்டும் சுட உத்தரவிடுங்கள். ராத்திரி வேண்டாம், மண்மேட்டுப் பின்னணி இல்லாமல் வேண்டாம், ஊருக்கு முன்கூட்டியே தண்டோரா போட்டுச் சொல்லிவிட்டு. சுட்ட மான் சட்டப்படி அரசுச் சொத்து, அதன் இறைச்சி ஒரு கிராம்கூட எங்களுக்கு வேண்டாம், கால்நடை மருத்துவர் முன்னால் புதைத்து அல்லது எரித்துப் பதிவு செய்யுங்கள், அப்போதுதான் இறைச்சிக்காகக் கேட்கிறார்கள் என்ற பேச்சும் நிற்கும்.

பன்றிக்கான கிராமக் குழுவில், ஊராட்சித் தலைவர் இல்லாத இடங்களில் அந்த ஊர் விவசாயிகள் இருவரைச் சேர்த்து, அதே குழு மானுக்கும் பரிந்துரைக்கலாம் என்று திருத்துங்கள். சரணாலய எல்லையில் மான் தாண்டாத உயரத்துக்கு வேலியும் உள்ளே கோடைக்குத் தண்ணீர்த் தொட்டியும் துறைச் செலவில் வரட்டும். கண்மாய்களில் சீமைக்கருவேலத்தை அகற்ற ஒதுக்குகிற பணத்தில் மான் தங்குகிற கண்மாய்களுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். பயிர்க் காப்பீட்டுப் பட்டியலில் புள்ளிமானையும் வெளிமானையும், மாவட்டங்களில் தூத்துக்குடியையும் திருநெல்வேலியையும் சேர்க்கச் சொல்லி வேளாண் துறைக்கு உங்கள் கையெழுத்தில் பரிந்துரை போகட்டும்.

இவற்றில் எதை மறுப்பதாக இருந்தாலும் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள். பாதுகாக்கப்பட்ட விலங்கு என்ற ஒற்றை வரி போதாது. எங்கள் நிலத்தில் நிற்கும் பயிருக்கு மானால் ஆபத்து இல்லை என்று எந்த ஆய்வை வைத்து முடிவு செய்தீர்கள், யார் எப்போது வந்து பார்த்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு மதுரையில் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக எங்கள் ஊரில் ஏற்கெனவே கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டோம்.

இப்படிக்கு,
கயத்தாறு வட்டார மானாவாரி விவசாயி ஒருவர்